பெருக்கலும் வகுத்தலும்: சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2ஆம் வகுப்பு முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும், மாலையில் டியூஷன் எடுப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வேண்டிய கேள்வியை மட்டும் படித்துக்கொள்ளலாம். ஆனால் "பையனுக்கு வாய்ப்பாடு நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று வந்தவர்கள் முதல் மூன்று பதில்களைத் தாண்டிப் போக வேண்டாம். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பள்ளிகளில் பொதுவாக 2ஆம் வகுப்பில் பெருக்கலும் 3ஆம் வகுப்பில் வகுத்தலும் தொடங்குகின்றன. வயதைவிட, பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே சரி. 100 வரை தடுமாறாமல் எண்ண வேண்டும். 34 என்றால் 3 பத்தும் 4 ஒன்றும் என்று தெரிய வேண்டும். 20க்குள் கூட்டல் வர வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை: "எட்டும் எட்டும் எவ்வளவு?" என்று கேளுங்கள். உடனே 16 என்றால் நல்லது. எட்டை மனதில் வைத்து ஒன்பது, பத்து, பதினொன்று என்று விரல் விட்டாலும் போதும், ஆரம்பிக்கலாம். முதல் எட்டையே ஒன்று, இரண்டு என்று மறுபடி எண்ணுகிற பிள்ளைக்கு இன்னும் சில வாரம் கூட்டல்தான் வேண்டும். அந்த நிலையில் வாய்ப்பாட்டைத் திணித்தால் அது பாட்டாக மட்டுமே உள்ளே போகும்.

பெருக்கல் முழுக்க முடிந்த பிறகுதான் வகுத்தல் என்று ஒத்திப்போட வேண்டியதில்லை. நான்கு பேருக்கு முறுக்கைச் சரிசமமாகப் பங்கு போடுவதில் ஐந்து வயதுப் பிள்ளை நம்மைவிடக் கறார்.

பெருக்கல் என்றால் என்ன என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம், அடுக்கச் சொல்லுங்கள். 3 தட்டும் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும் போதும். ஒவ்வொரு தட்டிலும் 4 கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில்: எத்தனை தட்டு? ஒரு தட்டில் எத்தனை? எல்லாம் சேர்த்து எத்தனை? முதல் இரண்டு கேள்விகளைத் தாண்டி மூன்றாவதற்கு அவசரப்படக் கூடாது. பெருக்கல் கணக்கில் பிள்ளைகள் குழம்புவதெல்லாம் "எத்தனை கூட்டம், ஒரு கூட்டத்தில் எத்தனை" என்பதைப் பிரித்துப் பார்க்காததால்தான்.

தட்டுகளையும் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே 4, 4, 5 என்று வைத்துவிட்டு, "இதையும் அப்படிச் சொல்லலாமா?" என்று கேளுங்கள். "முடியாது, ஒன்றில் கூட இருக்கிறது" என்று பிள்ளை சொல்ல வேண்டும். சமமான கூட்டங்களுக்கு மட்டும்தான் பெருக்கல் என்பது இந்த ஒரு கேள்வியில் பதிந்துவிடும்.

எழுதுவதும் படிப்படியாகத்தான். முதல் சில நாட்களுக்குப் பேச்சு மட்டும்: "மூன்று தட்டு, தட்டுக்கு நான்கு." அடுத்து 4 + 4 + 4 = 12 என்று நோட்டில். அதன் பிறகே 3 × 4 = 12. பெருக்கல் குறியைக் கொண்டுவர ஒன்றிரண்டு வாரம் ஆனால் ஆகட்டும்.

3 × 4 என்பது மூன்று தட்டில் நான்கா, நான்கு தட்டில் மூன்றா?

வாய்ப்பாட்டுப் புத்தகங்களே இரண்டு விதமாக இருக்கின்றன. இரண்டாம் வாய்ப்பாட்டை 1 × 2, 2 × 2, 3 × 2 என்று அச்சிடுவதும் உண்டு, 2 × 1, 2 × 2, 2 × 3 என்று அச்சிடுவதும் உண்டு. பிள்ளையின் பாடநூல் எப்படிப் போகிறதோ அப்படியே போங்கள். மாற்றி எழுதிவிட்டது என்பதற்காகத் தப்புப் போட வேண்டாம். விடை ஏன் மாறாது என்பதைக் காட்டுவதுதான் முக்கியம், அதற்குத் தட்டைவிட வரிசை நல்லது.

30 முட்டை பிடிக்கும் அட்டையை எடுங்கள். 5 வரிசை, வரிசைக்கு 6 குழி. அதைக் கால் சுற்றுத் திருப்பினால் 6 வரிசை, வரிசைக்கு 5. ஒரு குழியும் கூடவில்லை, குறையவில்லை. 5 × 6, 6 × 5 இரண்டும் 30தான் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. காலியான மாத்திரை அட்டைகளும் இதற்கு உதவும்: 10 மாத்திரை அட்டை பெரும்பாலும் 2 × 5, 15 மாத்திரை அட்டை 3 × 5. ஓரங்களைக் கத்தரித்துக் கொடுங்கள், விரலைக் கீறும்.

வாசலிலேயே இருப்பது புள்ளிக் கோலம். நேர்ப்புள்ளிக் கோலத்தில் 7 புள்ளி 7 வரிசை என்றால் 49 புள்ளி. இடுக்குப் புள்ளி வேண்டாம். அதில் வரிசைக்கு வரிசை புள்ளி குறைந்துகொண்டே போகும். 7, 6, 5, 4 என்று போவதைப் பெருக்கிக் காட்ட முடியாது.

இந்த வரிசைகளை வைத்து இன்னொரு வேலையும் நடக்கும். 6 × 7 புள்ளிகளை வரைந்து, ஐந்தாவது நெட்டுவரிசைக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை வையுங்கள். இடப்பக்கம் 6 × 5 = 30, வலப்பக்கம் 6 × 2 = 12, ஆக 42. தெரியாத பெருக்கலைத் தெரிந்த இரண்டாக உடைக்கலாம் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு இலக்கப் பெருக்கல் வரும்போது இதே உத்திதான் மறுபடி வரப்போகிறது.

பல்லாங்குழியை வைத்துச் சொல்லித்தரலாமா?

தாராளமாக. காசு கொடுத்து வாங்கும் எந்தக் கணிதப் பெட்டியிலும் பெருக்கலும் வகுத்தலும் மீதியும் இவ்வளவு இயல்பாகச் சேர்ந்து வருவதில்லை.

பலகையில் ஏழேழாக இரண்டு வரிசை, 14 குழி. குழிக்கு எத்தனை முத்து என்பது ஊருக்கு ஊர் 5, 6, 12 என்று மாறும். நடுக்குழிக்குத் தனி வழக்கம் வைத்திருக்கிற ஊர்களும் உண்டு. கணக்குக்காக எல்லாக் குழியிலும் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கும் முன்பே கேள்விகள் தயார்: என் பக்கத்தில் எத்தனை முத்து? 7 × 5 = 35. இரண்டு பக்கமும் சேர்த்து? 70. விளையாடும்போது ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார். கடைசியில் "எத்தனை பசு எடுத்தாய், பசுவில் எத்தனை முத்து?" என்று கேட்டால் நான்காம் வாய்ப்பாடு.

ஆனால் அசல் விஷயம் ஆட்டம் முடிந்த பிறகுதான். அடுத்த ஆட்டத்துக்கு ஒவ்வொருவரும் தான் ஜெயித்த முத்தை எடுத்துத் தன் குழிகளை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 38 முத்து வைத்திருப்பவர் ஏழு குழியும் நிரப்பி 3 மீதி வைப்பார். எதிராளியிடம் 32. ஆறு குழிதான் நிரம்பும், 2 மீதி, ஒரு குழி காலி. 38 ÷ 5 இல் ஈவு 7, மீதி 3. 32 ÷ 5 இல் ஈவு 6, மீதி 2. மீதி என்பது விடையின் வாலில் எழுதும் ஏதோ ஒரு எண் இல்லை, ஒரு குழியை நிரப்பப் போதாமல் கையில் நின்ற முத்து என்று பிள்ளைக்குப் புரியும். நிரப்புவதற்கு முன் "உனக்கு எத்தனை குழி நிரம்பும்?" என்று கேட்டுவிட்டு, சொன்ன பிறகு நிரப்ப விடுங்கள். நிரப்பிவிட்டு எண்ணுவதில் பயிற்சி இல்லை.

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? புரிந்தால் போதாதா?

இரண்டும் வேண்டும். 7 × 8ஐ ஒவ்வொரு முறையும் கூட்டிக் கண்டுபிடிக்கும் பிள்ளை, 856 ÷ 7 செய்யும்போது நடுவில் எங்கே நின்றோம் என்பதையே மறந்துவிடும். கணக்கு தெரியாததால் இல்லை, கவனம் முழுவதையும் வாய்ப்பாடு விழுங்கிவிடுவதால்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். முழு எண் மட்டுமல்ல, அரை, கால், மாகாணி (16இல் 1), முந்திரி (320இல் 1) வரை பெருக்கல் மனப்பாடம். நெல்லளக்கவும் நிலம் அளக்கவும் அன்றாடம் தேவைப்பட்டதால் அது நிலைத்தது. இன்று ஒப்பித்தல் மட்டும் மிஞ்சி, அளக்கிற வேலை போய்விட்டது.

மனப்பாடம் செய்ய வேண்டியது நாம் பயப்படும் அளவுக்கு இல்லை. 10 × 10 வரை 100 பெருக்கல்கள். திருப்பிப் போட்டால் விடை மாறாது என்பதால் 55. இதில் 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் எளிது, அவற்றை எடுத்துவிட்டால் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு வழி இருக்கிறது (கீழே வரும்), அதையும் எடுத்தால் மிஞ்சுவது 15 மட்டும்:

3 × 3, 3 × 4, 3 × 6, 3 × 7, 3 × 8
4 × 4, 4 × 6, 4 × 7, 4 × 8
6 × 6, 6 × 7, 6 × 8
7 × 7, 7 × 8, 8 × 8

100 கட்டம் உள்ள அட்டவணையை வரைந்து, தெரிந்தவற்றைப் பிள்ளையையே வண்ணமடிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் வெள்ளைக் கட்டங்களைப் பார்த்தால் பாதி பயம் போய்விடும்.

எந்த வரிசையில் சொல்லித்தருவது?

1, 2, 3 என்று போக வேண்டாம். 2, 10, 5 முதலில். ஐந்துக்குக் கடிகாரத்தின் பெரிய முள்ளே போதும், 5 ரூபாய் நாணயமும் இருக்கிறது. அடுத்து 4, பிறகு 8. இரண்டின் விடையை இரட்டித்தால் நான்கு, நான்கின் விடையை இரட்டித்தால் எட்டு: 2 × 7 = 14, 4 × 7 = 28, 8 × 7 = 56. அதன் பிறகு 3. இரண்டின் விடையோடு இன்னொரு கூட்டம்: 14 + 7 = 21. மூன்றை இரட்டித்தால் 6: 42. ஒன்பதுக்குப் பத்திலிருந்து ஒரு கூட்டம் குறைவு: 9 × 7 = 70 − 7 = 63. இலக்கங்களைக் கூட்டினால் 9 வருகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்: 6 + 3 = 9.

ஏழு கடைசி. அதற்குள் 7 × 7ஐத் தவிர ஏழில் எல்லாமே வேறு வாய்ப்பாடுகள் வழியாக வந்துவிட்டிருக்கும். அதையும் 35 + 14 என்று உடைத்தால் 49.

ஒப்பிக்கச் சொன்னால் கடகடவென்று சொல்கிறாள். "ஏழெட்டு எவ்வளவு?" என்றால் முழிக்கிறாள். ஏன்?

அவளுக்குத் தெரிந்தது வரிசை. ஒவ்வொரு விடைக்கும் முந்தைய விடைதான் படி. நடுவில் கேட்டால் ஏழாம் வாய்ப்பாட்டின் தலையிலிருந்து வர வேண்டும், அதுவரை நாம் பொறுமையாக இருப்பதில்லை.

மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். ஒன்று, ஒப்பிப்பதை ஐந்தாவது வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 5 × 7 = 35 நங்கூரமாக நின்றுவிட்டால் 6 × 7க்கு ஒரு ஏழு, 7 × 7க்கு இரண்டு ஏழு கூட்டினால் போதும். இரண்டு, தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: 70, 63, 56. மூன்று, விடையைக் கொடுத்துக் கேள்வியைக் கேளுங்கள்: "24 எங்கெல்லாம் வரும்?" 3 × 8, 4 × 6 இரண்டையும் சொல்கிற பிள்ளை வகுத்தலுக்குத் தயாராகிவிட்டது.

தினம் எவ்வளவு நேரம்?

5 முதல் 10 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

பழைய அழைப்பிதழ் அட்டைகளை வெட்டி, ஒரு பக்கம் 6 × 8, மறுபக்கம் 48 என்று எழுதுங்கள். ஒரு நாளைக்குப் புதிய அட்டை 2 அல்லது 3, தெரிந்த அட்டை 7 அல்லது 8, கலந்து வையுங்கள். 3 விநாடிக்குள் சரியாகச் சொன்னால் ஒரு குவியல். யோசித்துச் சொன்னாலோ தவறினாலோ இன்னொரு குவியல், நாளைக்கு அதுதான் முதலில். தப்பாகச் சொன்னால் விடையை உடனே சொல்லிவிட்டு, இரண்டு அட்டை கழித்து அதையே மறுபடி கேளுங்கள். எல்லா அட்டையையும் ஒரே நாளில் காட்டினால் 48, 54, 56 மூன்றும் ஒன்றோடொன்று குழம்பும். குறிப்பாக 6 × 8, 6 × 9, 7 × 8 மூன்றையும் ஒரே வாரத்தில் புதிதாகத் தர வேண்டாம்.

ஸ்டாப்வாட்ச் ஆரம்பத்தில் வேண்டாம். சரியாக வருவது முதலில், வேகம் பிறகு. அந்த 3 விநாடியை நீங்கள் மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள், பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

பள்ளியில் எந்த மொழியில் கணக்குப் போடுகிறதோ அந்த மொழியில். பள்ளியில் "செவன் எய்ட்ஸ் ஆர்", வீட்டில் பாட்டியிடம் "ஏழெட்டு" என்று ஒரே மாதத்தில் இரண்டும் புதிதாக வந்தால் சுமைதான். ஒன்று உறுதியானதும் இன்னொன்றைச் சேர்க்கலாம். "ஈரஞ்சு பத்து, மூவஞ்சு பதினஞ்சு" என்று சொல்ல வசதியாக இருக்கிறது என்பதற்காகத் தமிழைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை.

20ஆம் வாய்ப்பாடு வரை கேட்கிறார்களே?

10 வரை உடனடியாக வர வேண்டும். 11, 12 தெரிந்தால் வசதி. அதற்கு மேல் மனப்பாடம் செய்வதைவிட உடைக்கத் தெரிவது மேல்: 17 × 6 என்றால் 60 + 42 = 102. இப்படிப் பத்து நாள் செய்தால் பள்ளியில் கேட்கும்போதும் சமாளிக்கலாம்.

வகுத்தலை எங்கிருந்து தொடங்குவது?

வகுத்தலுக்கு இரண்டு முகம். பெரியவர்கள் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு, மற்றதில் கணக்குக் கொடுத்துப் பிள்ளையைத் திட்டுவது வழக்கம்.

முதலாவது, பங்கிடுதல். 12 இட்லி, 4 பேர், ஆளுக்கு எத்தனை? 4 தட்டு வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். தட்டின் எண்ணிக்கை தெரியும், தட்டில் உள்ளது தெரியாது. இரண்டாவது, கூட்டம் பிரித்தல். 12 இட்லி, ஒரு தட்டுக்கு 4 வைத்தால் எத்தனை தட்டு வேண்டும்? நான்கு நான்காக எடுத்து வைக்க வேண்டும். தட்டில் உள்ளது தெரியும், தட்டின் எண்ணிக்கை தெரியாது. எழுதினால் இரண்டும் 12 ÷ 4 = 3. கை செய்யும் வேலை வேறு வேறு.

பங்கிடுதல் பிள்ளைக்கு முன்பே பழக்கம், அதில் ஆரம்பியுங்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டாவதற்கும் வந்துவிடுங்கள். "ஒரு பெட்டிக்கு 6 மாம்பழம், 24 மாம்பழத்துக்கு எத்தனை பெட்டி?" என்ற கணக்கைப் பங்கிடுதல் மட்டும் தெரிந்த பிள்ளையால் கையால் செய்து பார்க்க முடியாது. யாருக்குப் பங்கு என்று தெரியாமல் நிற்கும். தொடர் கழித்தலாக எழுத வருவதும் இந்த இரண்டாவது முகம்தான்: 12 − 4 − 4 − 4 = 0, மூன்று முறை எடுத்தோம், விடை 3.

கூடவே பெருக்கலோடு முடிச்சுப் போடுங்கள். 6, 8, 48 என்ற மூன்று எண்களை ஒரு முக்கோண அட்டையின் மூலைகளில் எழுதி, ஏதாவது ஒரு மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக் கேளுங்கள். 48ஐ மறைத்தால் பெருக்கல், மற்ற இரண்டில் ஒன்றை மறைத்தால் வகுத்தல். வகுத்தலுக்கென்று தனி வாய்ப்பாடு எதுவும் தேவையில்லை.

மீதி வந்தால் விடையை என்ன செய்வது?

கேள்வியைப் பொறுத்தது. 30 ÷ 4 ஐயே பாருங்கள், ஈவு 7, மீதி 2.

30 பிள்ளைகள், ஆட்டோவுக்கு 4 பேர், எத்தனை ஆட்டோ? 8. மீதி இரண்டு பேரை விட்டுவிட்டுப் போக முடியாது. 30 ரூபாய், பென்சில் 4 ரூபாய், எத்தனை வாங்கலாம்? 7. பாக்கி 2 ரூபாய் கையில். 30 அடி கயிற்றை 4 பேருக்குச் சமமாக வெட்டினால்? ஏழரை அடி. கடைசியாக, 30 பேரை வரிசையில் 1, 2, 3, 4 என்று மறுபடி மறுபடி எண் சொல்லச் சொன்னால் கடைசிப் பிள்ளை என்ன சொல்லும்? 2. இங்கே மீதியே விடை. நான்கையும் ஒரே நாளில் பக்கம் பக்கமாகக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு நீளும்.

மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சின்னது. 47 ÷ 6 க்கு "ஈவு 6, மீதி 11" என்று எழுதிய பிள்ளையிடம் தப்பு என்று சொல்லாமல், "அந்தப் பதினொன்றில் இன்னொரு ஆறு எடுக்கலாமா?" என்று கேட்டால் தானே 7, 5 என்று திருத்திவிடும்.

பூஜ்ஜியத்தால் ஏன் வகுக்கக் கூடாது?

0 ÷ 5 செய்யலாம்: இல்லாத மிட்டாயை ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0. ஆனால் 5 ÷ 0 என்றால் "எந்த எண்ணைப் பூஜ்ஜியத்தால் பெருக்கினால் 5 வரும்?" என்று கேட்பதாகும். அப்படி ஒரு எண் இல்லை. 5இலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்துக்கொண்டே போனாலும் தீராது. இந்த வயதுக்கு இது போதும்.

இரண்டு இலக்கப் பெருக்கலில் விதவிதமாகத் தப்பு வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

விடையைப் பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம். 27 × 4 ஐ எடுத்துக்கொள்வோம், சரியான விடை 108.

828 என்று வந்தால், 2 × 4 = 8, 7 × 4 = 28, இரண்டையும் பக்கத்தில் ஒட்டிவிட்டது. 2 என்பது 20 என்ற நினைப்பே இல்லை. மறுபடி பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளுக்குப் போங்கள். 88 என்று வந்தால் மேலே ஏற்றிய 2ஐ மறந்துவிட்டது. 168 என்று வந்தால் மேலே ஏற்றிய 2ஐ முதலில் கூட்டி (2 + 2 = 4), பிறகு நான்கால் பெருக்கிவிட்டது. கூட்டல் கணக்கில் மேலே ஏற்றியதை முதலில் சேர்த்துப் பழகியதன் விளைவு இது. "முதலில் பெருக்கு, பிறகு கூட்டு" என்று நூறு முறை சொல்வதைவிட, ஒரு வாரம் இப்படி எழுத வையுங்கள்:

20 × 4 = 80
7 × 4 = 28
80 + 28 = 108

இது கைவந்த பிறகு சுருக்கிய முறைக்குப் போனால், மேலே ஏற்றிய 2 என்பது 28இல் உள்ள இரண்டு பத்து என்று தெரிந்தே எழுதும்.

34 × 12 க்கு 102 வந்தால், இரண்டாவது வரியில் 340க்குப் பதில் 34 எழுதி 68ஓடு கூட்டியிருக்கிறது. "ஒரு இடம் தள்ளி எழுது" என்ற விதி காரணம் தெரியாமல் மறந்துபோகும். 34 × 10 = 340 என்று பூஜ்ஜியத்தோடு முழுசாக எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டியே தோராயம் கேட்டாலும் பிடித்துவிடலாம்: பத்து மடங்கே 340 என்றால் பன்னிரண்டு மடங்கு 102 ஆக முடியுமா?

நீள் வகுத்தலை எப்படிப் புரியவைப்பது?

பத்து ரூபாய் நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் எடுங்கள். காகிதத்தில் வெட்டியதாகவும் இருக்கலாம். 72 ரூபாயை 3 பேருக்குப் பங்கிட வேண்டும்: 7 நோட்டு, 2 நாணயம். முதலில் நோட்டு. ஆளுக்கு 2, ஆக 6 நோட்டு போயிற்று. 1 நோட்டு மிச்சம், அதைக் கிழிக்க முடியாது, சில்லறை மாற்ற வேண்டும். 10 நாணயம், ஏற்கெனவே உள்ள 2, ஆக 12. ஆளுக்கு 4. மொத்தம் ஆளுக்கு 24.

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வலப்பக்கத்திலிருந்து தொடங்க, வகுத்தல் மட்டும் ஏன் இடப்பக்கத்திலிருந்து என்று பிள்ளைகள் கேட்பார்கள். காரணம் இந்தச் சில்லறைதான். நாணயத்தை முதலில் பங்கிட்டுவிட்டால், பிறகு மிஞ்சும் நோட்டை மாற்றியதும் நாணயத்தை இன்னொரு முறை பங்கிட வேண்டிவரும். பெரிய மதிப்பிலிருந்து வந்தால் ஒரே நடையில் முடியும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதும்போது ஒவ்வொரு கை அசைவும் ஒரு வரி: வகு (ஆளுக்கு எத்தனை), பெருக்கு (மொத்தம் எவ்வளவு கொடுத்தோம்), கழி (மிச்சம் எவ்வளவு), கீழிறக்கு (சில்லறையோடு சேர்). முதல் நான்கைந்து கணக்குகளில் காசும் எழுத்தும் கூடவே போகட்டும். காசை முடித்துவிட்டுப் பிறகு எழுதினால் இரண்டும் தனித்தனி வேலையாகிவிடும்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஈவில் வரும் பூஜ்ஜியம். 618 ÷ 6 க்கு 13 என்று எழுதுவார்கள். 6 நூறு போயிற்று, ஆளுக்கு 1. அடுத்து 1 பத்து, ஆறு பேருக்குப் போதாது. இங்கே பத்துகளின் இடத்தில் 0 எழுதாமலே 8ஐக் கீழிறக்கி, 18 ÷ 6 = 3 என்று முடித்துவிடுகிறார்கள். சரியான விடை 103. மருந்து இரண்டு. தொடங்கும் முன்பே வகுபடும் எண்ணுக்கு மேலே ஈவுக்கு மூன்று சின்னக் கோடு போட்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு கோட்டை நிரப்பச் சொல்லுங்கள். காலிக் கோடு கண்ணில் படும். அடுத்து, 6 × 100 = 600, ஆகவே விடை நூறுக்கு மேல் என்று முதலிலேயே சொல்ல வையுங்கள். 560 ÷ 7 க்கு 8 என்று எழுதுவதும் இதே வகைப் பிழை.

முடித்ததும் ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வர வேண்டும். இந்தச் சரிபார்ப்பை ஒவ்வொரு கணக்குக்கும் கேட்டால் வெறுத்துவிடும். ஐந்து கணக்குக் கொடுத்து, "உனக்குச் சந்தேகமாக இருக்கிற ஒன்றை மட்டும் சரிபார்" என்று சொல்லிப் பாருங்கள்.

எழுத்துக் கணக்கில் பெருக்கலா வகுத்தலா என்றே தெரியவில்லை.

"மொத்தம் என்று வந்தால் பெருக்கு, ஆளுக்கு என்று வந்தால் வகு" என்ற சூத்திரத்தை யார் கொடுத்திருந்தாலும் திரும்ப வாங்கிவிடுங்கள். "ஆளுக்கு 5 லட்டு, 8 பேருக்கு எத்தனை?" என்பதில் 'ஆளுக்கு' இருக்கிறது, கணக்கு பெருக்கல். "மொத்தம் 40 லட்டு, 8 பேருக்கு" என்பதில் 'மொத்தம்' இருக்கிறது, கணக்கு வகுத்தல். சொல்லைப் பிடித்துப் போனால் இப்படித்தான் கவிழும்.

அதற்குப் பதில் முதல் பாடத்துத் தட்டுக்கே போங்கள். எத்தனை கூட்டம், ஒரு கூட்டத்தில் எத்தனை, எல்லாம் சேர்த்து எத்தனை: மூன்று கட்டம் வரைந்து, தெரிந்த இரண்டை நிரப்பி, தெரியாததில் கேள்விக்குறி. மூன்றாவது கட்டம் காலி என்றால் பெருக்கல், மற்ற இரண்டில் ஒன்று என்றால் வகுத்தல்.

"பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்" என்றும் சொல்ல வேண்டாம். 8ஐ அரையால் பெருக்கினால் 4. பின்னம் வரும்போது நாமே சொன்னதை நாமே மறுக்க வேண்டியிருக்கும்.

விரல் வித்தை, அபாகஸ், வேத கணிதம் எல்லாம் உதவுமா?

ஒன்பதாம் வாய்ப்பாட்டை விரலை மடக்கிச் சொல்லும் வித்தை விளையாட்டாக நல்லது, 70 − 7 அதைவிட நீண்ட நாள் உதவும். அபாகஸில் பெருக்குவதற்கே வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும், அதனால் அது வாய்ப்பாட்டுக்கு மாற்று அல்ல. வேத கணிதக் குறுக்குவழிகள் அடிப்படை நின்ற பிறகு சுவாரஸ்யம், அதற்கு முன்பு இன்னொரு மனப்பாடம். மொபைல் செயலிகளில், தப்பு செய்தால் படம் போட்டுக் காட்டுபவை பரவாயில்லை. மணி அடித்துப் புள்ளி கொடுப்பவை அட்டை செய்யும் வேலையைத்தான் செய்கின்றன.

5ஆம் வகுப்பு வந்தும் வகுத்தல் வரவில்லை. என்ன செய்வது?

தனியாள் இல்லை. நாடு முழுவதும் கிராமங்களில் நடக்கும் அசர் (ASER) என்ற கல்வி நிலைக் கணக்கெடுப்பில் மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கச் சொல்கிறார்கள். 5ஆம் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில்தான் நின்றுவிடுகிறார்கள்.

எந்த வகுப்பு என்பதை மறந்துவிட்டு எந்த நிலை என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகத்தான் பிரிக்கிறார்கள். பின்னாலிருந்து சோதித்துக்கொண்டு வாருங்கள்: 618 ÷ 6 வரவில்லையா, 72 ÷ 3 கொடுங்கள். அதுவும் இல்லையா, 48 ÷ 6. இல்லையா, 6 × 8. இல்லையா, 8 + 8 + 8. அதுவும் இல்லையென்றால் 52 − 8. எங்கே சரியாக வருகிறதோ அதற்கு அடுத்த படியில் வேலையைத் தொடங்குங்கள். நீள் வகுத்தலில் கழித்தலும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வகுத்தல் வரவில்லை என்று கொண்டுவரும் நோட்டுகளில் கடன் வாங்கிக் கழிப்பதில் மட்டும் தப்பு இருப்பது சாதாரணம்.

சில பிள்ளைகளுக்குச் சிக்கல் இதைவிட ஆழம். எட்டு, ஒன்பது வயதிலும் பகடையின் நான்கு புள்ளியை எண்ணித்தான் சொல்வது, 38, 83 இவற்றில் எது பெரியது என்று தடுமாறுவது, நேற்று நன்றாகச் செய்ததை இன்று முதல்முறை பார்ப்பதுபோல் பார்ப்பது, இவை பல மாதம் தொடர்ந்தால் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அது சரியென்றால், கற்றல் குறைபாடுகளை மதிப்பிடும் உளவியலாளரையோ சிறப்பு ஆசிரியரையோ பாருங்கள். அந்தக் காத்திருப்பில் வாய்ப்பாட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கணக்குப் போட விடலாம். அட்டவணையில் தேடித் தேடிப் பார்ப்பதிலேயே சில விடைகள் மனதில் தங்கிவிடும்.